அரை மணி நேரக் கணக்கு

பொட்டி தட்டுற வேலையில இருக்கிற எல்லாருக்கும் பழக்கமான ஒரு ரிப்போர்ட் இருக்கு. வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை செஷன், சராசரியா எவ்வளவு நேரம் இருந்தாங்க, எந்தப் பக்கத்துல இருந்து ஓடிப்போனாங்கன்னு கலர் கலரா கிராஃப் போட்டுக் காட்டும். திங்கட்கிழமை காலை மீட்டிங்ல அதைத் திரையில போட்டுட்டு ஆளாளுக்குக் கருத்து சொல்லுவாங்க. அப்போ குறுக்க புகுந்து "செஷன்னா என்னங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஒருத்தர் ஒரு தடவை வந்துட்டுப் போறது"ன்னு பதில் வரும்.

வந்தது தெரியும், சரி. போனது எப்படித் தெரியும்? பிரவுசரை மூடுறவன் சர்வர்கிட்ட சொல்லிட்டா போறான்?

சொல்றதில்ல. அதனால ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு ஆள்கிட்ட இருந்து 30 நிமிஷத்துக்குச் சத்தமே இல்லைன்னா அவர் போயிட்டார்னு அர்த்தம். திரும்ப வந்தா அது புது செஷன். ஏன் 30? 20 ஏன் இல்ல, 45 ஏன் இல்ல? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி போனப்ப கிடைச்ச சரித்திரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

1993. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்தோட என்.சி.எஸ்.ஏ. மையம். மொசைக் பிரவுசர் பிறந்த அதே இடம். அங்க ராப் மெக்கூல்ங்கிற மாணவர் ஒரு வெப் சர்வர் எழுதினார். யார் எந்த ஃபைலைக் கேட்டாலும் அந்த சர்வர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வரி எழுதி வச்சுக்கும். கேட்ட மெஷினோட முகவரி, தேதி, நேரம், கேட்ட ஃபைலோட பேர், கிடைச்சுதா இல்லையாங்கிற கோட் (200, 404 எல்லாம் இதுதான்), எத்தனை பைட் அனுப்பினோம். அவ்வளவுதான். 'காமன் லாக் ஃபார்மட்'னு பேர். அந்த சர்வர் கோடை அடிப்படையா வச்சுத்தான் 1995-ல அப்பாச்சி வந்தது. இன்னைக்கும் ஒரு லினக்ஸ் மெஷின்ல அப்பாச்சி போட்டு லாக் ஃபைலைத் திறந்தீங்கன்னா கிட்டத்தட்ட அதே வரியைப் பாக்கலாம்.

இந்த லாக் யாரையும் அளக்குறதுக்காக வந்ததில்ல, சர்வரைப் பாத்துக்குற ஆளுக்காக வந்தது. எந்த ஃபைல் இல்லாம தவிக்குது, எப்போ லோட் ஏறுதுன்னு பாக்க. மளிகைக் கடைச் சிட்டை மாதிரின்னு வச்சுக்கங்க. என்ன சாமான் எத்தனை கிலோ போச்சுன்னு அதுல இருக்கும். வாங்கிட்டுப் போனவங்க சமைச்சாங்களா, சாப்பிட்டாங்களா, பிடிச்சுதான்னு அதுல இருக்காது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தான் மேல படிக்கணும். ஏன்னா அடுத்த 30 வருஷம் எல்லாரும் அந்தச் சிட்டையை வச்சுத்தான் சாப்பாட்டு ருசியைக் கண்டுபிடிக்கப் பாத்தாங்க.

முதல்ல வந்த அளவு 'ஹிட்'. லாக்ல ஒரு வரி, ஒரு ஹிட். ஒரு பக்கத்துல 9 படம் இருந்தா, அந்தப் பக்கத்தை ஒருத்தர் ஒரு தடவை திறந்தா 10 ஹிட். ஹிட் எண்ணிக்கையைக் கூட்டணும்னா எழுத்தை நல்லா எழுத வேண்டாம், நாலு படத்தைச் சேத்து ஒட்டினா போதும். தொண்ணூறுகள்ல "எங்க சைட்டுக்கு இத்தனை லட்சம் ஹிட்ஸ்"னு பீத்திக்கிட்டதெல்லாம் இந்தக் கணக்குதான். அந்த ஆங்கிலச் சொல்லோட நாலு எழுத்தையும் விரிச்சு 'ஹவ் இடியட்ஸ் ட்ராக் சக்ஸஸ்'னு இந்தத் துறையில ஒரு பழைய கிண்டலே இருக்கு :-)

அப்புறம் படங்களைக் கழிச்சுட்டுப் பக்கங்களை மட்டும் எண்ணி 'பேஜ் வியூ'ன்னாங்க. இது பரவாயில்ல. ஆனா எத்தனை *பேர்*ங்கிற கேள்விக்கு அதுல பதில் இல்ல.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தர் வர்றார். ஸ்டீபன் டர்னர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1995-ல 'அனலாக்'னு ஒரு இலவச புரோகிராம் எழுதினார். லாக் ஃபைலைக் கொடுத்தா ரிப்போர்ட் போட்டுக் கொடுக்கும். வேகமா ஓடும். உலகம் பூரா பயன்படுத்தினாங்க. அதைப் பயன்படுத்தினவங்க எல்லாரும் அவர்கிட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்டாங்க. "எத்தனை பேர் வந்தாங்கன்னு ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?"

அவர் காட்டவே இல்ல. ஏன் முடியாதுன்னு அனலாக்கோட கையேட்டுலயே தனியா ஒரு பக்கம் எழுதி வச்சார். வெப் எப்படி வேலை செய்யுதுன்னு பொறுமையா விளக்கிட்டு, வரிசையா சொல்லுவார்: வந்தவங்க யாருன்னு தெரியாது, எத்தனை பேர்னு தெரியாது, எந்த வழியா உள்ள சுத்தினாங்கன்னு தெரியாது, ஒவ்வொரு பக்கத்தையும் எவ்வளவு நேரம் படிச்சாங்கன்னு தெரியாது.

காரணம் கேஷ். நீங்க ஒரு பக்கத்தைப் பாத்துட்டு, அடுத்ததுக்குப் போயிட்டு, 'பேக்' அமுக்கித் திரும்பினா பிரவுசர் பெரும்பாலும் தன்கிட்ட இருக்கிற பழைய நகலையே காட்டிடும். சர்வருக்குத் தகவலே போகாது. அது போதாதுன்னு நடுவுல ப்ராக்ஸி. ஒரு பெரிய நிறுவனமோ, ஐ.எஸ்.பி.யோ ஒரு நகலை எடுத்து வச்சுக்கிட்டு அத்தனை பேருக்கும் அதையே குடுக்கும். லாக்ல ஒரே ஒரு வரி இருக்கும், படிச்சது ஐநூறு பேரா இருக்கலாம்.

விற்பனைக்கு வந்த மத்த சாஃப்ட்வேர் எல்லாம் 'விசிட்டர்ஸ்'னு ஒரு எண்ணைத் தைரியமா போட்டுக்கிட்டிருந்த காலத்துல, இலவசமா குடுக்குற ஒருத்தர் "இது எனக்குத் தெரியாது, அதனால காட்ட மாட்டேன்"னு நின்னார் பாருங்க. அதுக்கு ஒரு தில்லு வேணும். எந்தப் பக்கம் ஜெயிச்சதுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, 30-க்கு வருவோம்.

1994 ஆகஸ்ட். அட்லாண்டாவுல ஜார்ஜியா டெக். லாரா கேட்லெட்ஜ், ஜேம்ஸ் பிட்கோ ரெண்டு பேரும் ஒரு காரியம் பண்ணினாங்க. சர்வர் பக்கம் நின்னு ஊகிக்கிறதுக்குப் பதிலா பிரவுசரையே மாத்தினாங்க. மொசைக்கோட யூனிக்ஸ் வடிவத்துல கை வச்சு, ஆள் என்ன அமுக்கினாலும் பதிவாகுற மாதிரி பண்ணி, அங்க இருந்த கம்ப்யூட்டிங் துறையிலேயே ஓட விட்டாங்க. மூணு வாரம், 107 பேர். 1995-ல கட்டுரையா வந்தது.

அதுல ரெண்டு விஷயம் இருக்கு. முதலாவது, ஆட்கள் பண்ணின காரியங்கள்ல லிங்கை அமுக்குறது சுமார் 52 சதவீதம், 'பேக்' அமுக்குறது சுமார் 41 சதவீதம். டர்னர் சொன்ன கேஷ் பிரச்சினையோட சேத்துப் பாருங்க. மனுஷங்க வெப்ல நகர்ற நகர்வுல அஞ்சுல ரெண்டு பங்கு 'பேக்'. சர்வர் லாக் அதிகமா தவற விடுறதும் அதையேதான்.

ரெண்டாவதுதான் நம்ம கணக்கு. ஒரு காரியத்துக்கும் அடுத்த காரியத்துக்கும் நடுவுல சராசரியா 9.3 நிமிஷம் இடைவெளி இருந்தது. (சராசரி ஏன் இவ்வளவு பெருசுன்னா, பிரவுசரை அப்படியே திறந்து வச்சுட்டு சாப்பிடப் போனவங்களும் இதுல அடக்கம்.) அந்தச் சராசரிக்கு மேல ஒன்றரை ஸ்டாண்டர்ட் டீவியேஷன் தள்ளிக் கோடு போட்டாங்க. வந்தது 25.5 நிமிஷம். அதைத் தாண்டின இடைவெளியை செஷன் முடிஞ்சதா எடுத்துக்கலாம்னு வச்சுக்கிட்டாங்க. அவங்க கணக்குக்கு அது போதுமானதா இருந்தது, உலகத்துக்கே விதி எழுதுறோம்னு அவங்க எங்கயும் சொல்லல.

பின்னாடி வந்த சாஃப்ட்வேர்கள்ல 30 நிமிஷம் பழக்கமாச்சு. அதைப் பத்தி எழுதுற ஆராய்ச்சிக் கட்டுரைகள் 30-ஐயும் இந்த 25.5-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பேசும். 25.5 கையில இருக்கு, பக்கத்துல அழகான முழு எண் 30 இருக்கு. எந்த இன்ஜினியரா இருந்தாலும் என்ன பண்ணுவான்? ஆக, இப்போ நீங்க போன்ல பஸ்ல நின்னுக்கிட்டு ஒரு பக்கம் படிக்கிறீங்கன்னா, உங்க 'வருகை' எங்க முடியுதுங்கிறதுக்கு வழக்கமா காட்டுற ஆதாரம், 1994-ல ஒரு கல்லூரி லேப்ல மேஜை முன்னாடி உக்காந்திருந்த 107 பேர்.

நடுவுல குக்கி வந்ததைச் சொல்லிடறேன். அதே 1994-ல நெட்ஸ்கேப்ல லூ மோன்டுல்லி கண்டுபிடிச்சது. வெளியில அது பாத்த முதல் வேலையே, நெட்ஸ்கேப் சைட்டுக்கு வர்றவர் ஏற்கெனவே வந்தவரான்னு பாக்குறதுதான். இதனால ஆளை அடையாளம் கண்டுபிடிச்சாச்சுன்னு சந்தோஷப்பட்டாங்க. கண்டது ஆளை இல்ல, பிரவுசரை. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல ப்ளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு ஒரே மெஷின்ல ஊரே உக்காந்து எழுந்திருச்சுப் போகும். குக்கிக்கு அது ஒரே ஆள். நீங்க இப்போ ஆபீஸ் லேப்டாப், வீட்டு லேப்டாப், போன்னு மூணுலயும் பாத்தா அது மூணு ஆள்.

சிட்டையைத் தூக்கிப் போட்ட கதை அடுத்தது. சர்வர் லாக்குக்குப் பதிலா பக்கத்துக்குள்ளயே ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் வச்சு, அது ஓடுறப்ப ஒரு பிக்சல் அகலம் ஒரு பிக்சல் உயரம் உள்ள கண்ணுக்குத் தெரியாத படத்தைக் கேக்கும். அந்தக் கேள்வியோட வாலில் தகவலை எல்லாம் கட்டி அனுப்பிடும். கேஷ்ல இருந்து வந்த பக்கமா இருந்தாலும் ஸ்கிரிப்ட் ஓடும், அதனால டர்னரோட பெரிய பிரச்சினைக்கு ஓரளவு மருந்து. பல கம்பெனிகள் இதைச் செஞ்சாங்க. அதுல ஒண்ணு சான் டியாகோவுல இருந்த 'அர்ச்சின்'. 2005-ல கூகுள் அதை வாங்கி, அதே வருஷம் நவம்பர்ல 'கூகுள் அனலிட்டிக்ஸ்'னு இலவசமா விட்டுது. கூட்டம் தாங்காம சில நாள்லயே புதுசா சேர்றதை நிறுத்தி வச்சாங்க. 2006 ஆகஸ்ட்லதான் எல்லாருக்கும் கதவு திறந்தது. விளம்பர லிங்குகளோட வாலில் 'யுடிஎம்'னு ஆரம்பிச்சு என்னென்னவோ தொங்கும் பாத்திருப்பீங்க. அதுல முதல் எழுத்து 'அர்ச்சின்'. கம்பெனி போயிடுச்சு, இனிஷியல் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.

இலவசமா குடுத்ததும் என்ன ஆச்சு? அதுவரைக்கும் காசு உள்ளவன் பாத்த ரிப்போர்ட்டை எல்லாரும் பாக்க ஆரம்பிச்சாங்க. அதுல பெரிய எழுத்துல இருந்த ரெண்டு எண், 'பவுன்ஸ் ரேட்', 'சராசரி நேரம்'. பவுன்ஸ்னா ஒரே பக்கம் பாத்துட்டுப் போயிட்டவங்க. நேரம்னா... இதைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

பத்து மணிக்கு ஒருத்தர் முதல் பக்கத்துக்கு வர்றார். பத்து மணி நாலு நிமிஷத்துக்கு அதுல ஒரு லிங்கை அமுக்கி ரெண்டாவது பக்கத்துக்குப் போறார். அதை 20 நிமிஷம் ஆழ்ந்து படிக்கிறார், மூடிட்டுப் போறார். பழைய அனலிட்டிக்ஸ் என்ன சொல்லும்? முதல் பக்கத்துல 4 நிமிஷம். ரெண்டாவது பக்கத்துல? ஒண்ணும் இல்ல. மொத்த செஷன் 4 நிமிஷம். ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது ரெண்டு புள்ளிதான், நேரம்ங்கிறது அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கழித்தல். கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் புள்ளி இல்ல, கழிக்க ஒண்ணும் இல்ல. அதே ஆள் தேடுபொறி வழியா நேரா ரெண்டாவது பக்கத்துக்கே வந்து 20 நிமிஷம் படிச்சுட்டுப் போனார்னா, செஷன் நேரம் 0 வினாடி. பவுன்ஸ்.

ஆக, ஒருத்தர் நிஜமாவே உக்காந்து படிச்ச பக்கம் எதுவோ அதுதான் ரிப்போர்ட்ல பூஜ்யமா விழும். தேடினது கிடைச்ச பக்கத்துலதானே தேடல் முடியும்!

இதுக்கு மேல சின்னச் சின்ன வேடிக்கைகளும் உண்டு. ராத்திரி பன்னெண்டு மணி ஆச்சுன்னா செஷனை வெட்டிடும். 11:50-லிருந்து 12:10 வரை நீங்க தொடர்ந்து சுத்திக்கிட்டிருந்தாலும் ரெண்டு வருகை. 'பக்கத்துல சராசரி நேரம்' கணக்குல கடைசிப் பக்கங்களை ஒதுக்கிடும், 'செஷன் சராசரி நேரம்' கணக்குல அந்தப் பூஜ்யங்களைச் சேத்துக்கும். அதனால ஒரு பக்கத்துல இருந்த நேரம், மொத்த வருகை நேரத்தை விட அதிகமா இருக்கிற அதிசயமெல்லாம் நடக்கும். ஸ்கிரிப்டைத் தெரியாம ரெண்டு தடவை ஒட்டினா பவுன்ஸ் ரேட் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடும். அதைப் பாத்துட்டு ட்ரீட் வச்ச டீம்கள் நிச்சயம் இருந்திருக்கும்.

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பக் கிறுக்குத்தனம்னு விட்டுடலாம்தான். ஆனா இதை வச்சு முடிவெடுக்குறாங்களே. 2021-ல, நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு கிளையண்ட், பேர் வேண்டாம். அவங்க உதவிப் பகுதியில, கட்டின பணம் திரும்ப எப்போ வரும், வரலைன்னா யாரைக் கேக்கணும்னு ஒரு பக்கம். நல்லா தெளிவா எழுதின பக்கம். எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். பவுன்ஸ் ரேட் எண்பது சொச்சம், நேரம் சில வினாடி. "மக்கள் வந்த உடனே ஓடிடுறாங்க, இதை நாலு பக்கமா உடைச்சு ஒவ்வொண்ணுலயும் 'அடுத்து' பட்டன் வைங்க"ன்னு டிக்கெட் என் தலையில விழுந்தது. நாலா உடைச்சா பவுன்ஸ் குறையும், நேரம் ஏறும், கிராஃப் அழகா இருக்கும். பணம் போன கவலையில வர்றவர் மட்டும் நாலு தடவை அமுக்கணும்.

நான் டிக்கெட்டை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் கேட்டேன். பக்கம் திரையில முன்னாடி இருக்கிற வரைக்கும் எண்ணி, அவர் போறப்ப அனுப்புற மாதிரி பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதிச் சேத்தேன். வந்த கணக்கைப் பாத்தா பாதிக்கு மேல பேர் ஒரு நிமிஷத்துக்கு மேல இருந்திருக்காங்க. அந்தப் பக்கத்தை ஒரு தடவை முழுசா படிக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். மீட்டிங்ல காட்டினேன். பக்கம் தப்பிச்சுது. அதுக்கப்புறம்தான் இந்த சரித்திரத்துல எனக்குப் பைத்தியம் பிடிச்சுது.

இந்த ஓட்டையை முன்னாடியே பாத்தவங்க நிறைய பேர். ஜிமெயில், கூகுள் மேப்ஸ் எல்லாம் வந்தப்ப பக்கமே மாறாம எல்லாம் நடக்க ஆரம்பிச்சுது, பேஜ் வியூ ஆட்டம் கண்டுச்சு. 2007 ஜூலையில நீல்சன் நெட்ரேட்டிங்ஸ் சைட்டுகளைப் பேஜ் வியூ வச்சு வரிசைப்படுத்துறதை விட்டுட்டு, மொத்த நிமிஷத்துக்கு மாறினாங்க. உடனே ஏ.ஓ.எல். முதலிடம், கூகுள் அஞ்சாவது. ஏன்? ஏ.ஓ.எல்.லோட சாட் ஜன்னல் நாள் பூரா திறந்து கிடக்கும். கூகுள்ல தேடினது கிடைச்சதும் போயிடுவோம். சீக்கிரம் வேலையை முடிச்சுக் குடுத்தவனுக்குக் கடைசி பெஞ்ச்!

2009-ல வந்த சார்ட்பீட், செய்தி நிறுவனங்களுக்காக வேற வழி பிடிச்சுது. பக்கம் திறந்திருந்தா போதாது, மவுஸ் அசையுதா, ஸ்க்ரோல் ஆகுதா, விசை தட்டுறாங்களான்னு பாத்து அந்த நேரத்தை மட்டும் எண்ணினாங்க. 2014 மார்ச்ல அதோட தலைவர் டோனி ஹெய்ல் டைம் பத்திரிகை தளத்துல ஒரு கட்டுரை எழுதினார். 200 கோடி வருகைகளைப் பாத்ததுல 55 சதவீதம் பேர் ஒரு பக்கத்துல 15 வினாடி கூடக் கவனமா இருக்கிறதில்லையாம். அதிகமா பகிரப்படுறதுக்கும் அதிகமா படிக்கப்படுறதுக்கும் சம்பந்தம் தெரியலைங்கிறது அதை விடப் பெரிய குண்டு. பாக்காமலே ஃபார்வர்ட் பண்றது நம்ம சித்தப்பா பெரியப்பா மட்டும் இல்லைன்னு அன்னைக்கே நிரூபணம் ஆயிடுச்சு.

பிரவுசர்களும் மெல்ல வழிக்கு வந்துச்சு. பக்கம் கண் முன்னாடி இருக்கா, வேற டேபுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்னு சொல்ற வசதி வந்தது. பக்கம் மூடுற நேரத்துல கடைசியா ஒரு தகவலை அனுப்புற 'பீக்கன்' வசதி 2014 வாக்குல குரோம்ல வந்தது. போறவன் ஒருவழியா சொல்லிட்டுப் போக ஆரம்பிச்சான். 2020-ல வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இதையெல்லாம் பயன்படுத்திக்கிட்டு, பக்கம் முன்னாடி இருந்த நேரத்தை மட்டும் எண்ணுது. ராத்திரி பன்னெண்டு மணி வெட்டு போச்சு. கடைசிப் பக்கத்துப் பூஜ்யமும் பெரும்பாலும் போச்சு. பழைய அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-லிருந்து தரவு வாங்குறதை நிறுத்திக்கிச்சு.

பவுன்ஸ் ரேட்டையே முதல்ல எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா 'ஈடுபாடுள்ள செஷன்'. 10 வினாடிக்கு மேல இருக்கணும், இல்லைன்னா ரெண்டு பக்கம் பாத்திருக்கணும், இல்லைன்னா நாம முக்கியம்னு குறிச்சு வச்ச ஒரு காரியம் பண்ணியிருக்கணும். மூணுல ஒண்ணு போதும். பவுன்ஸ் ரேட் எங்கன்னு எல்லாரும் கத்தினதுல 2022 ஜூலையில அதே பேரைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. ஆனா இப்போ அது 'ஈடுபாடு இல்லாத செஷன் எத்தனை சதவீதம்'ங்கிற கணக்கு. பேர் அதே, பொருள் வேற. பழையதையும் புதுசையும் ஒரே கிராஃப்ல ஒட்டி, "பவுன்ஸ் பாதியா குறைஞ்சிருக்கு பாருங்க"ன்னு ஸ்லைடு போட்டவங்களை நான் கண்ணால பாத்திருக்கேன். சைட்ல ஒரு வரி கூட மாறல.

அப்போ இந்த 10 வினாடி எங்கிருந்து வந்தது? 25.5-க்காவது பின்னாடி 107 பேர் இருக்காங்க. பழைய முறையில 0 வினாடின்னு விழுந்த என் உதவிப் பக்கத்து வாசகர்கள் இப்போ ஈடுபாடு உள்ளவங்களா மாறிட்டாங்க, சந்தோஷம்தான். ஆனா தப்பான பக்கத்துக்கு வந்து, 11 வினாடி குழம்பி, தலையில அடிச்சுக்கிட்டுப் போனவரும் அதே லிஸ்ட்லதான் இருக்கார். பக்கம் கண் முன்னாடி இருந்துதாங்கிறதைத்தான் இப்பவும் எண்ணுறோம். கண் அங்க இருந்துதா, அடுப்புல பால் பொங்குறதைப் பாத்துக்கிட்டிருந்துதாங்கிறதுக்குப் பிரவுசர்ல ஒரு ஏபிஐயும் இல்ல. இருக்கவும் வேண்டாம்!

எண்ணுற ஆளுங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. 2018-ல ஐரோப்பாவுல ஜிடிபிஆர் வந்ததுலேருந்து குக்கிக்கு அனுமதி கேக்கணும். வேண்டாம்னு அமுக்குறவர் பல சைட்டுகள்ல கணக்குலயே வர்றதில்ல. சஃபாரி 2019-லிருந்து இந்த மாதிரி ஸ்கிரிப்ட் வைக்கிற குக்கிக்கு 7 நாள்தான் ஆயுசுன்னு சொல்லிடுச்சு. எட்டாவது நாள் திரும்ப வர்றவர் புது ஆள். விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கிற ஆள் வந்ததே தெரியாது. அதனால சில பேர் மறுபடியும் சர்வர் லாக்கைத் தோண்ட ஆரம்பிச்சிருக்காங்க. அங்க பாத்தா மனுஷங்களோட ஏகப்பட்ட பாட்டும் சேந்து நிக்குது. டர்னர் எங்க இருந்தாலும் சிரிச்சுக்கிட்டிருப்பார்.

30 நிமிஷம் மட்டும் அப்படியே இருக்கு. ஜிஏ 4-லயும் அதுதான் டீஃபால்ட். அட்மின் பக்கத்துல அதை மாத்தவும் முடியும். 7 மணி 55 நிமிஷம் வரைக்கும் கூட்டலாம். பக்கத்துலயே அந்த 10 வினாடியை 60 வரைக்கும் ஏத்துற இடமும் இருக்கு. நான் இதுவரைக்கும் ஆணி பிடுங்கின எந்த புராஜெக்ட்லயும் யாரும் அந்த ரெண்டையும் தொட்டதில்ல.

பி.கு: எந்தப் பக்கத்துல இருந்து ஆள் வந்தார்னு சொல்ற 'ரெஃபரர்' தலைப்பு இருக்கே, அதோட ஆங்கில எழுத்துக்கூட்டல் தப்பு. நடுவுல ஒரு 'ஆர்' குறையும். 1996-ல வந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்துலயே அப்படித்தான் அச்சாச்சு, அதுக்கப்புறம் யாராலயும் திருத்த முடியல. கோட் எழுதுறப்ப சரியா ஸ்பெல் பண்ணிட்டு "ஏன் வேலை செய்யல"ன்னு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கிற ஜூனியர் யாராவது பக்கத்துல இருந்தா, காதுல சொல்லிடுங்க :-)